பரணில் இருப்பதில் எதை வைத்துக்கொள்வது?

தை மாதக் கடைசியில் அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி எடுத்தோம். ஒரு வருடமாகவே நெஞ்சுக்குழியில் எரிச்சல். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடும். ஓமத்தண்ணீரிலும் சுக்குக் காப்பியிலும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். பயந்த மாதிரி புற்றுநோய் இல்லை. ஆனால் இரைப்பையின் உள்சவ்வு மெலிந்திருக்கிறது, எச். பைலோரி என்கிற கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. 14 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், நாங்கள் எழுந்திருக்கும்போது சொன்னார்: "உப்பு, ஊறுகாய், கருவாடு, அதெல்லாம் குறைச்சுக்கங்கய்யா."

வீட்டுக்கு வந்ததும் அந்த 'அதெல்லாம்' பெரிய பேச்சாகிவிட்டது. திருமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பரணில் போன வருடம் போட்ட மாவடு ஒரு ஜாடி, எண்ணெய் மாங்காய் ஒரு ஜாடி, உப்பு நார்த்தங்காய், டின்களில் சுண்டவத்தல், சீனியவரை வத்தல், மோர்மிளகாய், கூழ்வத்தல். அடுப்படியில் தொங்கும் பையில் நெத்திலியும் வஞ்சிரக் கருவாடும். கோயில் கிடாவெட்டில் மிஞ்சிய கறியில் போட்ட உப்புக்கண்டம் ஒரு சரம். தங்கச்சி மதுரையிலிருந்து போனில், "எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில போடும்மா" என்றாள். மாமா, "பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து தின்னுக்கிட்டுத்தான இருக்கோம், என்ன ஆகிப்போச்சு?" என்றார். அம்மா என்னிடம் வந்து, "பங்குனி வெயில் வந்துரும். எதைப் போட, எதை விட? நீ பாத்துச் சொல்லு" என்றாள்.

பார்த்தேன். பார்த்ததை நம் பக்கத்து வீடுகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். புற்றுநோயே வந்துவிட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

முதலில் மாமா சொன்னது. பாட்டன் காலத்தில் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இந்தியாவின் சராசரி ஆயுள் 32 வயதுதான். பிஞ்சிலேயே போன பிள்ளைகள் அதில் நிறைய. இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் 50, 60 வயதுக்கு மேல் வருவது. வயிற்று வலியில் இளைத்து இறந்துபோன பெரியவர்களை 'வயித்துக்கட்டி' என்றும் 'செய்வினை' என்றும் சொல்லி அடக்கம் செய்தார்கள். இன்னொன்றும் உண்டு. அப்பத்தா கதிரறுப்புக்குப் போன காலத்தில் கஞ்சிக்கு வெஞ்சனம் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும்தான். கருவாடு சந்தைக்குப் போனால்தான். மூன்று வேளையும் ஊறுகாய் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இருந்து வந்ததில்லை.

தங்கச்சி சொன்னதும் சரியில்லை. சுண்டவத்தலும் குழிக்கருவாடும் ஒன்றில்லை. இரண்டும் ஒரே பரணில் இருக்கின்றன, அவ்வளவுதான். வெயிலில் நீரை வற்றச் செய்து காப்பது ஒன்று. உப்பைத் திணித்துக் காப்பது இன்னொன்று. உப்போடு கொஞ்சம் அழுகவும் விட்டுப் பக்குவம் செய்வது மூன்றாவது. உடம்பில் இந்த மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

உப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் வயிற்றுக்கு அதுதான் முக்கியம். அளவுக்கு மீறிய உப்பு இரைப்பையின் உள்ளே இருக்கிற வழுவழுப்பான படலத்தைக் கெடுக்கிறது. படலம் கெட்ட இடத்தில் எச். பைலோரி வசதியாகக் குடியேறுகிறது. வருடக்கணக்கில் அழற்சி, பிறகு சவ்வு மெலிவது, பிறகு செல்கள் தன் இயல்பு மாறுவது என்று ஒரு சிலருக்கு மட்டும் அது புற்றுநோய்வரை போகிறது. இந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. பிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கிற முகமை அது. கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018ல் வெளியிட்ட அறிக்கையில், உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு இரைப்பைப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் உண்மை என்கிறது. இதற்கு வரலாறும் சாட்சி. 1930களில் அமெரிக்காவில் ஆண்களை அதிகம் கொன்ற புற்றுநோய் இரைப்பையில் வருவதுதான். ஃபிரிட்ஜ் வந்து, உப்பிட்ட இறைச்சியும் மீனும் குறைந்து, பச்சைக் காய்கறியும் பழமும் வருடம் முழுக்கக் கிடைக்க ஆரம்பித்த பிறகு அது இறங்கிக்கொண்டே வந்தது. ஜப்பானிலும் அப்படியே. இந்தியாவுக்குள் பார்த்தால் தெற்கிலும் வடகிழக்கிலும்தான் இது அதிகம். மிசோரத்தின் ஐஸ்வால் எல்லா ஊருக்கும் மேலே நிற்கிறது.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி உப்போடு நிறுத்துங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாம் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராம் அளவில். குழம்பு, ரசம், பொரியலிலேயே அந்த 5 முடிந்துவிடுகிறது. ஊறுகாயும் கருவாடும் அதற்கு மேலே வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு பரணுக்கு வருவோம்.

கருவாட்டில்தான் எனக்கு அதிக நேரம் போயிற்று. இணையத்தில் தேடினால் 'உப்புக்கருவாடு முதல் வகைப் புற்றுநோய்க் காரணி' என்று வருகிறது. படித்ததும் எனக்கும் பக்கென்றது. உள்ளே போய்ப் பார்த்தால், அந்த லியோன் முகமை 1993ல் முதல் வகையில், அதாவது சான்று உறுதியானவற்றில், வைத்தது 'சீன பாணி உப்புமீன்' என்று தனியாகப் பெயர் சொல்லி. மற்ற உப்புமீன்களை, சான்று போதாது என்று மூன்றாவது வகையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சீன மீன் தென்சீனக் கடற்கரையில் செய்வது. மீனை உப்பிடும் முன்போ உப்பிடும்போதோ கொஞ்சம் அழுகி மெத்தென்று ஆகவிட்டு, அப்புறம் காய வைக்கிறார்கள். அந்த அழுகலில் நைட்ரோசமைன் என்கிற, புற்றுநோயைத் தூண்டும் பொருட்கள் உண்டாகின்றன. பால் மறக்கடிக்கும் குழந்தைக்கே சோற்றோடு பிசைந்து கொடுக்கிற வழக்கம் அங்கே இருந்தது. வருவது மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் புற்றுநோய். அதற்கு எப்ஸ்டீன்-பார் என்கிற வைரஸும் கூட்டு. தமிழ்நாட்டில் அந்தப் புற்றுநோய் அபூர்வம்.

சரி, நம் கருவாடு தப்பித்துவிட்டதா? எல்லாம் தப்பவில்லை. நம்மிடமே பல ரகம் இருக்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் மீனை உப்போடு சேர்த்து மணலில் குழி வெட்டிப் புதைத்து எடுப்பார்கள். குழிக்கருவாடு. வெயிலில் முழுக்கக் காயாமல் ஈரமாக, மெத்தென்று, வாசனை தூக்கலாக இருக்கும். ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். செய்முறையில் அது அந்தச் சீன மீனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை நான் சேர்த்து யோசித்துச் சொல்வது. குழிக்கருவாட்டைத் தனியாக எடுத்து யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டோம்.

அதற்கு எதிர்ப்பக்கம் நெத்திலி. சின்ன மீன், வலையில் இருந்து இறக்கியதும் மணலிலோ பாயிலோ பரப்பினால் ஒன்றிரண்டு வெயிலில் சலசலவென்று காய்ந்துவிடும். உப்பு போடாமலே காய வைப்பதும் உண்டு. சென்னாக்கூனியும் அப்படி. முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்து. நடுவில் இருப்பவை வாளை, வஞ்சிரம் மாதிரி பெரிய மீன்கள். சதை தடிமன் என்பதால் உப்பு நிறையப் போட்டே ஆகவேண்டும். எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை உப்பு ஏறிவிடும். 25 கிராம் துண்டு ஒன்றை அப்படியே தின்றால் நாள் முழுமைக்குமான உப்பு அதிலேயே முடிந்தது.

வாரச்சந்தையில் எங்களுக்குக் கருவாடு கொடுக்கிற ஆச்சியிடம் இந்த முறை நானே போனேன். "உப்பு இல்லாத நெத்திலி வேணும் ஆச்சி" என்றதும் ஒன்றை எடுத்து என் காதுப்பக்கம் மடக்கென்று ஒடித்துக் காட்டினார். "இப்பிடி ஒடியணும். வளைஞ்சா ஈரம்." அப்புறம் பக்கத்துக் குவியலில் இருந்து ஒரு வாளையைத் திருப்பினார். வயிற்றோரமாக ரோஸ் நிறத்தில் ஒரு படர்வு. கை வைத்தால் பிசுபிசுப்பு. "இது செவந்துருச்சு. உங்களுக்கு வேணாம்" என்று தள்ளி வைத்தார். உப்பிலேயே வாழக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியா படர்ந்தால் அந்தச் சிவப்பு வரும். ஈரக்காற்றும் அழுக்கு உப்பும் சேர்ந்தால் வருவது. பழுப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். இரண்டையும் வாங்கக்கூடாது. அந்த ஆச்சி படித்ததில்லை, ஆனால் எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்து கொடுக்கிறார். அவரிடம் ஒரு கிலோ வாங்கிய பிறகுதான் எனக்கு மனம் அமைதியானது.

சமைப்பதிலும் விஷயம் இருக்கிறது. கருவாட்டை வெந்நீரில் 15 நிமிடம் போட்டு, தண்ணீரைக் கொட்டி, இன்னும் இரண்டு தடவை அலசினால் உப்பு கணிசமாக இறங்கிவிடும். அம்மா எப்போதும் செய்வதுதான், மண்ணுக்காகச் செய்தாள். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைக்கும்போது தனி உப்பு போடாமல், கொதித்த பிறகு ருசி பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். கங்கில் சுட்டுக் கருக்கித் தின்பதைத்தான் விடச் சொல்வேன். கொழுப்பு கங்கில் சொட்டிப் புகைந்து அதே மீனில் படியும். அந்தப் புகைக்கரியில் பென்சோபைரீன் இருக்கிறது, புகையிலைப் புகையில் இருக்கிற அதே பொருள். பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு என்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கும் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை தின்றால் யாரும் சாகப்போவதில்லை. அப்பாவுக்கு மட்டும் கிடையாது.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. சீனாவின் அனுபவத்தில் ஆபத்து அதிகமாக இருந்தது சின்ன வயதிலேயே தின்றவர்களுக்கு. அதனால் நடை பழகாத பிள்ளைக்குக் கருவாட்டுக் குழம்பில் சோறு பிசைந்து ஊட்டி 'ருசி காட்ட' வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாக் கருவாடு கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். பாலூட்டும் தாய்க்கு அது வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. பூண்டும் முருங்கைக்கீரையும் போதும்.

உப்புக்கண்டம் இதைவிடச் சிக்கலான கேள்வி. 2015 அக்டோபரில் அதே லியோன் முகமை பதப்படுத்திய இறைச்சியை முதல் வகையில் வைத்தது. சாசேஜ், ஹாம் போன்றவற்றோடு, தென்னாப்பிரிக்காவில் உப்பிட்டுக் காயவைக்கும் பில்டாங் என்கிற கறியையும் உதாரணமாகச் சொன்னார்கள். கறியை நாடாவாகக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுகிற நம் உப்புக்கண்டம் அதற்குச் சொந்தத் தம்பி. ஆகவே அந்தப் பட்டியலில் நாம் இல்லை என்று சொல்லமுடியாது. இறைச்சி கெடாமல் இருக்க ஆலைகளில் போடுகிற நைட்ரைட் உப்பு நம் கண்டத்தில் இல்லை, அது ஒரு நல்ல விஷயம். ஆனால் ஆட்டுக்கறியின் சிவப்புக்குக் காரணமான இரும்புப் பொருளே குடலில் நைட்ரோசமைன் குடும்பத்துச் சேர்மங்கள் உண்டாக உதவுகிறது.

'முதல் வகை' என்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்த வகை சொல்கிறது. எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பது வேறு கணக்கு. புகையிலையும் அதே வகைதான். ஆனால் அப்போது அவர்கள் மேற்கோள் காட்டிய உலகக் கணக்கின்படி, வருடத்துக்குப் புகையிலையால் வருகிற புற்றுநோய் மரணங்கள் 10 லட்சம், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் 34,000. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோயின் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். 100 பேரில் 5 பேருக்கு வரும் இடம் என்று வைத்துக்கொண்டால் அது 6 பேராகும்.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு கிலோ உப்புக்கண்டம், தின்பது 5 பேர். ஆளுக்கு, நாளுக்கு அரை கிராம் சொச்சம். 50 கிராம் எங்கே, அரை கிராம் எங்கே. தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜில் பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கென்று கோழி சாசேஜ் பாக்கெட் எப்போதும் இருக்கும், வாரத்தில் மூன்று நாள். கோழியில் செய்தாலும் அது பதப்படுத்திய இறைச்சிதான். உப்புக்கண்டத்தைக் குப்பையில் போடச் சொன்னவளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த வாரத்துல இருந்து முட்டை வச்சு விடறேன்" என்றாள்.

ஆனால் உப்புக்கண்டத்தில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. டுனிசியாவில் ஆட்டுக்கறியை மசாலா தடவிக் காயவைத்து எண்ணெயில் போட்டுப் பல மாதம் வைத்திருப்பார்கள். வட ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளில், அந்தக் கறியும் காறிப்போன ஆட்டுக்கொழுப்பும் அதே மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புபட்டு வந்தன. நம் உப்புக்கண்டமும் கொழுப்போடு போட்டால் ஆறாவது மாதம் காறல் வாசம் அடிக்கும். எண்ணெயில் பொரித்தால் அந்த வாசம் மறைந்துவிடும் என்று சமாளிப்போம். இனி வேண்டாம். கொழுப்பைச் சுத்தமாக அரிந்து எடுத்த கறியில் மட்டும், இரண்டு மூன்று மாதத்தில் தீர்கிற அளவு மட்டும். மீதிக் கறியை ஃபிரீசரில் வைப்பதோ, அன்றைக்கே பங்காளி வீடுகளுக்குப் பங்கு வைத்து அனுப்புவதோ நல்லது.

ஊறுகாய்க்கு வருகிறேன். ஆசிய மரபுக் காய்கறி ஊறுகாய் என்பதை அந்த முகமை 2பி என்கிற வகையில் வைத்திருக்கிறது, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற அளவில். அதற்கு அடிப்படையான ஆய்வுகள் சீனா, ஜப்பான், கொரியாவில் நடந்தவை. உப்புநீரில் ஊறிப் புளிக்கிற கீரையும் முள்ளங்கியும் முட்டைக்கோசும் அவை. சீனாவின் லின்ஷியான் என்கிற ஊரில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். அங்கே உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மேலே பூஞ்சணம் படர்ந்ததையும் தின்றார்கள். நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், மஞ்சள் போட்டுப் புளிப்பான மாங்காயில் செய்கிற நம் ஊறுகாயை அதோடு அப்படியே ஒப்பிடமுடியாது. ஆனால் மாவடு எண்ணெய் ஊறுகாய் இல்லை, உப்புநீர் ஊறுகாய். நார்த்தங்காய் உப்பிலேயே வெந்தது. அழகர்மலைப் பக்கத்து வடு என்றால் அப்பாவுக்கு உயிர். கஞ்சிக்கு நாலு வடு கடித்துவிட்டு ஜாடியில் ஊறின தண்ணீரையும் கரண்டியால் எடுத்து விட்டுக்கொள்வார். அந்தத் தண்ணீர்தான் அவருக்கு முதலில் நிறுத்தவேண்டியது.

சாதாரண ஊறுகாயில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்தாலும், ஒரு மேசைக்கரண்டியில் ஒன்றரை கிராம். மூன்று வேளைக்கு நாலரை. விரல் நுனியில் தொட்டுக்கொண்டால் கால் கிராம் வராது. ஊறுகாய் தொட்டுக்கொள்ளத்தான், அள்ளிப் பிசைய இல்லை என்று அப்பத்தா திட்டுவது காசுக்காக என்று நினைத்திருந்தேன்.

"அப்ப உப்பைப் பாதியாக் குறைச்சுப் போட்டுருவோமா?" என்று அம்மா கேட்டாள். கூடாது. வெளியே வைக்கிற ஜாடியில் உப்பைக் குறைத்தால் ஊறுகாய் கெடும், பூஞ்சணம் பிடிக்கும், அது உப்பைவிட மோசம். குறைத்த உப்பு வேண்டுமென்றால் சின்ன பாட்டிலாகப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்க்கவேண்டும். கடை ஊறுகாயில் இருக்கிற 211 என்கிற பாதுகாப்புப் பொருளைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அனுமதித்த அளவுக்குள் இருந்தால் என் கவலை அது இல்லை; கடை ஊறுகாயிலும் உப்புதான் கவலை. வீட்டில் போடுவதில் எனக்குப் பிடித்த காரணம் மிளகாய்த்தூள். கீழமாசி வீதியில் வற்றல் வாங்கி, காம்பு கிள்ளி, உள்ளே கறுத்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு நாமே திரித்தால் சுடான் சாயம் கலந்த தூள் என்கிற பயம் இல்லை.

அந்தக் கறுத்த மிளகாயில் பூஞ்சணம் இருக்கும். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. காய்ந்த மிளகாய், கடலை, சோளம் மாதிரி பொருட்களில் வளர்கிற ஒரு பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைக் கொடுக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்குச் சந்தேகமில்லாத காரணம் அது. 1974ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள். சமைத்தால் அந்த நஞ்சு போகாது, வெயிலில் மறுபடி காயவைத்தாலும் போகாது. ஐப்பசி மழையில் வத்தல் டின்னைத் திறந்து, மேலே வெள்ளையாகப் படர்ந்ததைத் துடைத்துவிட்டு 'ஒரு வெயில் காட்டுனா சரியாப்போயிரும்' என்கிற வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. இதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். பூத்தால் அந்த டின் முழுக்க வெளியே. கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடாதீர்கள்.

மற்றபடி வத்தல்தான் இந்தப் பரணில் மிக நல்ல பிள்ளை. அதைக் காப்பது வெயில். உப்பு ருசிக்குத்தான், அதைக் குறைத்தாலும் வத்தல் கெடாது, கலகலவென்று காய்ந்திருந்தால் போதும். இந்த வருடம் சுண்டைக்காயைத் தட்டி, மோரில் வழக்கமான உப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டு ஊறவைத்தோம். கசப்பு ஒரு இழை கூடத்தான். வத்தக்குழம்பில் போட்டால் தெரியவில்லை. கொஞ்ச எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுக்கவேண்டும், கருகும்வரை பொரிக்கக்கூடாது. கூழ்வத்தல் மாதிரி மாவுப் பண்டம் கருகினால் அக்ரிலமைடு உண்டாகும். சாப்பாட்டில் வருகிற அளவு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் கருகலை வேண்டி விரும்பித் தின்பானேன்? மோர்மிளகாய் உப்பு அதிகம், ஆளுக்கு ஒன்று. அப்பளம் மதுரையின் தொழில், ஜெய்ஹிந்துபுரம் பக்கம் போனால் தெருவே மணக்கும். அதில் உப்பும் அப்பளக்காரமும் சேர்ந்து சோடியம் நிறைய. ரத்த அழுத்தத்துக்கு அது கவலை. தினமும் நாலு பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லி முடித்தபோது அப்பா திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கருவாட்டை மூன்றாம் வகையா முதல் வகையா என்று நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். புகையிலையும் முதல் வகை, புகையிலையே போடாத பாக்கும் முதல் வகை, வாய்ப் புற்றுநோய்க்கு இரண்டும் நேரான காரணம், புகையிலை இரைப்பைக்கும் ஆகாது. ஒரு பொருளைத்தான் விடமுடியும் என்றால் மாவடுவை வைத்துக்கொண்டு புகையிலையை விடச் சொல்வேன். அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். "ஐயா, கருவாட்டுக் குழம்பு வாரம் ஒருக்க அம்மா வச்சுத் தரும். அந்தப் புகையிலையை விட்ருங்க." அவர் பதில் சொல்லவில்லை. புகையிலைப் பொட்டலத்தை மட்டும் மடித்து மாடக்குழியில் வைத்தார். அன்றிலிருந்து வெறும் வெற்றிலையோடு நிற்கிறார் என்று அம்மா சொல்கிறாள். சந்தைக்குப் போகிற நாளில் என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை.

இந்தப் பங்குனியில் நாங்கள் போட்டது இவ்வளவு: சுண்டை, சீனியவரை, மணத்தக்காளி வத்தல் வழக்கம்போல, உப்பு மட்டும் குறைத்து. எண்ணெய் மாங்காய் பாதி ஜாடி, வேடு கட்டிப் பரணில். அது எனக்கும் அம்மாவுக்கும் வருகிற விருந்தாளிக்கும். மாவடு ஃபிரிட்ஜில் ஒரே ஒரு சின்ன பாட்டில், அப்பாவுக்கு வாரம் ஒன்று, தண்ணீர் கிடையாது. நார்த்தங்காய் போடவில்லை. உப்பில்லா நெத்திலி ஒரு கிலோ, பெரிய மீன் கருவாடு கால் கிலோ. உப்புக்கண்டம் அடுத்த கிடாவெட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கஞ்சிக்கு வெஞ்சனமாகச் சின்ன வெங்காயமும், காலத்தில் நெல்லிக்காய்ப் பச்சடியும். நெல்லிக்காயின் வைட்டமின் சி, வயிற்றில் நைட்ரோசமைன் உண்டாவதைத் தடுக்கக்கூடியது.

வயிறு நன்றாக இருக்கிற 30 வயதுக்காரர் இதே பட்டியலைப் பின்பற்றவேண்டியதில்லை. அவருக்கு நார்த்தங்காய் ஒரு கீற்றும் மாதம் இரண்டு முறை வஞ்சிரக் கருவாடும் பெரிய விஷயமில்லை. ஆனால் மாதக்கணக்கில் நெஞ்செரிச்சல், பசியின்மை, காரணமில்லாமல் எடை இறங்குவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் ஊறுகாயை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். கிருமிக்கு மருந்து எடுத்துக்கொள்வது இரைப்பைப் புற்றுநோயின் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கிறது. உப்பைக் குறைப்பதோடு அதுவும் சேரவேண்டும்.

அந்த மருந்தைப் பாதியில் விடக்கூடாது. முடித்து 4 வாரமாவது போன பிறகு, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதித்துப் பார்க்கவேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. அப்பாவுக்கு அடுத்த வாரம் மூச்சுச் சோதனை. எனக்கும் அதே எரிச்சல் கொஞ்ச நாளாக இருப்பதால் நானும் அன்றைக்கே கொடுக்கப்போகிறேன்.